நிழல் பாத்தி

பானுமதியை நிழலில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பம்பாயில் மாட்டுங்கா மார்க்கெட் பிளாட்பாரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு கீரை விற்றவள். கோணியை விரித்து அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை என்று கட்டுக் கட்டாக அடுக்கி, பக்கத்தில் அரை வாளித் தண்ணீர் வைத்துக்கொள்வாள். வாய் கிராக்கியோடு மல்லுக்கு நிற்கும். கை அது பாட்டுக்குத் தண்ணீரை அள்ளிக் கீரை மேல் தெளித்துக்கொண்டே இருக்கும். மாட்டுங்கா மாமிகளுக்கு மாமித் தமிழ், மராத்திக்காரிகளுக்கு மராத்தி, மற்றவர்களுக்கு இந்தி. ஏமாற்ற நினைப்பவனுக்கு மட்டும் சுத்தமான திருநெல்வேலி.

அப்பேர்ப்பட்டவளுக்கு வந்த வியாதியைப் பாருங்கள். முதலில் இரண்டு கன்னமும் சிவந்தன. உஷ்ணம் என்று மோர் குடித்தாள். பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கட்டு கட்ட முடியாமல் போயிற்று. முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். உடம்பைக் காக்க வேண்டிய வாட்ச்மேனே வீட்டுக்காரனைக் கம்பெடுத்து அடிக்கிற மாதிரி ஒரு வியாதி. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும். ஆனால் வெயில் ஆகாது. கொஞ்சம்கூட ஆகாது.

பானுமதி கேட்பாளா? குடை ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் பிளாட்பாரத்துக்குப் போனாள். பிளாட்பாரக் கடைகளை அள்ளிப் போகிற முனிசிபாலிட்டி வண்டி வருகிறது என்று சத்தம் கேட்டால் குடையைத் தூக்குவாளா, கூடையைத் தூக்குவாளா? இரண்டையும் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் அனலாய் அடித்தது. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, அவள் புருஷன் சுடலைக்கண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுடலைக்கண்ணன் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். வாயில்லாப் பூச்சி. ஆனால் அந்தத் தடவை யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். தாராவியில் அவர்கள் இருந்தது தகரக் கூரை போட்ட மாடி அறை. அதைக் காலி செய்துவிட்டு, செம்பூரில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தான். பட்டறையில் சிரித்தார்கள். கேட்டுக்கு சல்யூட் அடிக்கப் போகிறான் லேத்துக்காரன் என்றார்கள். வாட்ச்மேனுக்குக் கட்டடத்தின் பின்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட ஒரு அறை உண்டு, அது எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும். அவனுக்கு வேண்டியது அதுதான்.

அறை குளிர்ச்சிதான், ஆனால் பானுமதி பேச்சை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். அவன் பொங்கிய சோற்றில் உப்பு இல்லை என்றால்கூட வையாமல் சாப்பிட்டாள். வைகிற பெண்டாட்டியோடு குப்பை கொட்டிய மனுஷனுக்கு வையாத பெண்டாட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது. பம்பைப் போடப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வான்.

ஒரு நாள் அப்படி எட்டிப் பார்த்தபோது அறை காலியாக இருந்தது. பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினான். அங்கே ஒரு பலா மரம். அதை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பின இருபது மாடிக் கட்டடம். முன்பக்கத் தோட்டத்தில் ரோஜாவும் செம்பருத்தியும் வெயில் குளித்துக்கொண்டிருக்க, இந்தப் பின்பக்கத்துக்குச் சூரியன் எட்டிப் பார்த்ததே கிடையாது. உடைந்த கக்கூஸ் பேசினும் டைல்ஸ் துண்டுகளும் பாசி பிடித்துக் கிடந்தன. அதையெல்லாம் பானுமதி ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?"

"பாத்தாத் தெரியலயா? குப்ப கச்ராவ அள்ளுதேன்."

"எதுக்கு?"

"கீர போடப் போறேன்."

"இங்கனயா? வெயிலே வராத எடத்துலயா?"

"வெயிலு வராத எடத்துலதான நான் இருக்கணும்னு சொல்லிட்டாவ. நான் இருக்க எடத்துல என் கீரயும் இருக்கட்டும். நிக்கியள, அந்த பேசின ஒரு கை புடிங்க."

அவள் வாயிலிருந்து வேலை ஏவுகிற சொல் வந்ததே போதும் என்று இருந்தது அவனுக்கு. பேசினைத் தூக்கினான்.

கட்டடத்துச் சொசைட்டியின் செகரெட்டரி பஞ்சாபகேசன், அணுசக்தி நகரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலை நடையின்போது பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். சுடலைக்கண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேலை போயிற்று என்றே நினைத்தான்.

"என்னம்மா பண்ணப்போறே?"

"கீர சார். நாத்தம் வராம பாத்துக்கிடுதேன். முன்பக்கம் கால் வைக்க மாட்டேன்."

அவர் அண்ணாந்து பலா மரத்தைப் பார்த்தார், பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தார். "வெளிச்சம் பத்தாதே. ஒண்ணு செய்ங்கோ. இந்தச் செவுத்துக்கு வெள்ளையா சுண்ணாம்பு அடிச்சுடுங்கோ. வர்ற கொஞ்ச வெளிச்சமும் அதுல பட்டுத் திரும்பும். சுடலை, பெயிண்ட் பண்ண ஏணி மொட்டைமாடியில கெடக்கு பார்." போகிறபோது திரும்பிச் சொன்னார்: "மணத்தக்காளி போட்டா எனக்கும் ரெண்டு கட்டுக் குடு. வாய்ப்புண்ணு பிராணனை வாங்கறது."

சுண்ணாம்பு அடித்தது சுடலைக்கண்ணன். பலா மரத்தில் தாழ்ந்த கிளைகளை வெட்டியதும் அவன்தான். பின்பக்கம் முகம் கழுவின மாதிரி ஆயிற்று. பானுமதி மண்ணைக் கொத்தி, காய்ந்த பலா இலையையும் சமையல்கட்டுக் கழிவையும் மக்கவைத்துப் போட்டு, பாத்தி கட்டினாள். மூட்டு வலிக்கிற நாளில் முக்காலி போட்டு உட்கார்ந்து கொத்தினாள். தனக்குத் தெரிந்த சிறுகீரையையும் தண்டுக்கீரையையும் விதைத்தாள்.

கீரை விற்றவளுக்குக் கீரை போடத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். முளைத்தது என்னவோ ஒழுங்காகத்தான் முளைத்தது. பிறகு வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, ஒரு நாள் காலையில் அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா," என்றான் சுடலைக்கண்ணன். பேசாத மனுஷன் பேசக்கூடாத நேரத்தில் பேசுவான்.

"நீங்க சொன்னிய. ஊரே சொல்லும். போயி வாசக் கேட்டப் பாருங்க."

அன்று முழுக்கப் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பழையபடி சுவரைப் பார்க்கப் போய்விடுவாள் என்று சுடலைக்கண்ணன் பயந்தான். சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் தலை நிமிர்ந்தாள்.

"பிளாட்பாரத்துல மொதல்ல வாடுறது எது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"வல்லார. அப்புறம் புதினா, கொத்தமல்லி, பாலக். தண்டுக்கீர சாயங்காலம் வர நிக்கும். இதுங்க பத்து மணிக்கே தலயத் தொங்கப் போட்டுரும். ஏன்? வெயிலு ஆகாது. என்னய மாதிரி." டீயை உறிஞ்சினாள். "வெயிலத் தாங்குறதக் கொண்டாந்து நெழல்ல போட்டா அது என்ன செய்யும், பாவம். நாளைக்கு மாட்டுங்கா போயிட்டு வாங்க. கோமதியக்காகிட்ட வேரோட வல்லார கேளுங்க."

"அந்தக் கோமதி மைனிகிட்டயா?"

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. கோமதியம்மாள் பிளாட்பாரத்தில் பானுமதிக்குப் பக்கத்து ஜாகாக்காரி. ஜாகா என்றால் உட்காருகிற இடம். ஒரு சாண் இடத்துக்காக இரண்டு பேரும் அத்தனை வருஷமும் நாள் தவறாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் பிளாட்பாரத்துக்கென்று ஒரு கட்டுமானம், எழுதாத சட்டம், உண்டு. ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்கோ ஊருக்கோ போனால் பக்கத்து ஜாகாக்காரி அவளுடைய கோணியை மடித்து அந்த இடத்தில் போட்டுக் காவல் காக்க வேண்டும். சண்டைக்காரியாக இருந்தாலும் காக்க வேண்டும். கோமதியம்மாள் பானுமதியின் கோணியை மடித்துப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

வேரோடு ஒரு பை வல்லாரை வந்தது. கூடவே வசவும் வந்தது. வந்து பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோமதியம்மாள் சுடலைக்கண்ணனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாளாம்.

தண்ணீர் டாங்கி நிரம்பி வழிகிற குழாயடியில், எப்போதும் சொதசொதவென்று கிடந்த மூலையில் வல்லாரையை ஊன்றினாள். அதை அடுத்துப் புதினா. சுவரோரம் மணத்தக்காளி. நடுவில் பாலக்கும் கொத்தமல்லியும். எல்லாம் பிடித்துக்கொண்டன. இலை, வெயிலில் வளர்கிற கீரையைவிட அகலமாக, மெத்தென்று விரிந்தது. சுடலைக்கண்ணன் வேடிக்கை பார்த்தான். சரி, ஜெயித்துவிட்டாள் என்று அவன் நினைத்த வாரத்தில், பாலக் இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. கொத்தமல்லி தண்டோடு அழுகிக் கொழகொழவென்று சரிந்தது.

பட்டறைக்காரன் புத்தியில், மெஷின் கோளாறு பண்ணினால் மெஷினைப் பார்க்காதே, ஓட்டுகிறவனைப் பார் என்று ஒன்று இருந்தது. ஜன்னலில் நின்று அவளைப் பார்த்தான். பானுமதி முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை உரித்தது. இடது கை பக்கத்து வாளிக்குள் போய்த் தண்ணீரை அள்ளிப் பாத்தி மேல் விசிறிவிட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏளா, ஒங் கையப் பாரு."

"கைக்கு என்ன?"

"தண்ணி தெளிக்குது."

அவள் கையைப் பார்த்தாள். ஈரக் கை. பாத்தியைப் பார்த்தாள். அழுகினது முழுக்க முக்காலிக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. எட்டாத மூலையில் இருந்த பாலக் நன்றாக நின்றது. பிளாட்பாரத்தில் தெளிக்கிற தண்ணீரை வெயில் அந்த நிமிஷமே குடித்துவிடும். இங்கே குடிக்க வெயில் ஏது? இலை மேல் விழுந்த தண்ணீர் நாள் முழுக்க அப்படியே நின்று அழுக வைத்திருக்கிறது.

"கட்டையில போற கை," என்று வலது கையால் இடது கையில் ஒரு போடு போட்டாள். பிறகு சிரித்தாள். "இருவது வருசப் பழக்கம். சொல்லாமக் கொள்ளாமச் செய்யுது பாருங்க."

அதற்குப் பிறகு வாளியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். குறுகின கழுத்துள்ள பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இலை நனையாமல் வேரில் விட்டாள். செடிக்குச் செடி இடம் விட்டுக் களைந்தாள். காற்று நடமாட வேண்டுமல்லவா? வேரோடு பிடுங்குகிற வழக்கத்தையும் விட்டாள். நிழலில் எல்லாமே மெதுவாகத்தான் வளரும், பிடுங்கினால் மறுபடி அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். வெளியிலையை மட்டும் கிள்ளினாள், குருத்து வந்துகொண்டே இருந்தது. மழைக்காலத்தில் நத்தை படையெடுத்தபோது விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குனிந்து குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டாள். இப்படி ஒரு பொறுமை அவளிடம் எங்கே இருந்தது என்று சுடலைக்கண்ணனுக்குப் புரியவே இல்லை. சாம்பாரில் பருப்பு வேகும்வரை காத்திருக்கத் தெரியாதவள் அவள்.

மழை விட்டுக்கொடுத்த ஒரு மதியம், வல்லாரையை நல்லெண்ணெயில் வதக்கி, தேங்காய், புளி, காய்ந்த மிளகாய் சேர்த்து அம்மியில்லாத குறைக்கு மிக்சியில் துவையல் அரைத்தாள். சுடுசோறு. மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி. சுடலைக்கண்ணன் மூன்று தடவை சோறு வாங்கினான். பஞ்சாபகேசன் வீட்டுக்குப் போன கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அந்த வாரத்திலேயே இரண்டாம் மாடியிலிருந்தும் மூன்றாம் மாடியிலிருந்தும் ஆள் வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பானுமதியின் வாய் திறந்துகொண்டது. மராத்தி, இந்தி, மாமித் தமிழ் எல்லாம் துருப்பிடிக்காமல் வெளியே வந்தன. முகத்துச் சிவப்பும் வாடி, வீக்கமும் வடிந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தாள்.

மனுஷன் கொஞ்சம் நிம்மதியாகக் காலை நீட்டினால் தெய்வத்துக்குப் பொறுக்காது போலிருக்கிறது. அக்டோபர் பிறந்தது. பம்பாயில் அக்டோபர் வெயில் மே மாசத்தைத் தோற்கடிக்கும். அந்த வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம் கோமதியம்மாள் வந்து நின்றாள். பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வல்லாரை இலை ஒன்றைக் கிள்ளி மென்றாள்.

"என்னளா இது, இம்புட்டு அகலமா இருக்கு. மார்க்கெட்டுக்கு வாரது பாதிகூட இருக்காது."

"நெழல்ல அப்படித்தான் வரும்க்கா. ஜாகா எப்படி இருக்கு?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். கல்யாண்லேருந்து ஒருத்தி புதுசா வாரா. ஒன் ஜாகா மேல கண்ணு. எல்லாரும் கூடிப் பேசிட்டாவ. வராதவளுக்கு எதுக்கு ஜாகான்னு கேக்குதாவ."

"நீ என்ன சொன்ன?"

"வருவான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நாளைக்கு ஒரு நாள் கெடு. நீ வந்து காலயிலேருந்து வெளக்கு வைக்கிற வர உக்காந்து எந்திரிச்சா ஜாகா ஒனக்கு. இல்லன்னா அவளுக்கு. கட்டுமானம் அதான். நான் சண்ட போட்டுப் பாத்துட்டேன் பானு. எங் கையில இல்ல."

கோமதியம்மாள் டீ குடித்துவிட்டுப் போனாள். பானுமதி பாத்திப் பக்கம் போய் நின்றுகொண்டாள். சுடலைக்கண்ணன் பின்னாலேயே போனான்.

"ஏளா, போகப் போறியா?"

"பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அவனை ஆட்டிவைக்கிற சொல் இது. அவள் பார்ப்போம் என்றால் எல்லாம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த முகம் தெரியும். ஆனால் அந்த ஜாகாவை விடு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பிளாட்பாரத்தில் பானுமதி கீரை என்று கேட்டு வாங்கினார்கள். அவள் பேரே அந்த இடத்தில்தான் இருந்தது. சொல்லத் தெரியாமல், அவளுடைய கூடையை மட்டும் எடுத்துப் பம்பு ரூமில் வைத்துப் பூட்டினான். அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றிய தந்திரம்.

விடிந்து பார்த்தால் பாய் காலி. பின்பக்கம் ஓடினான். பாத்தியில் முக்கால்வாசி அறுத்திருந்தது. பம்பு ரூம் பூட்டுத் தொங்கியது, கூடை உள்ளேதான் இருந்தது. கூடை இல்லாவிட்டால் என்ன, அவள் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பம்பு போடவில்லை, கேட்டில் ஆள் இல்லை, எதுவும் அவன் நினைவில் இல்லை. செம்பூர் ஸ்டேஷனுக்கு ஓடி, கூட்டத்தில் தொற்றிக் குர்லாவில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, அடுத்த வண்டியில் நுழைந்தான். சயான் தாண்டும்போது வெயில் கதவு வழியாக வந்து முகத்தில் அறைந்தது. எட்டு மணிக்கே இந்த அடி. இந்நேரம் அவள் மேலும் விழுந்திருக்கும். பக்கத்தில் நின்றவன், "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டான். சுடலைக்கண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

மாட்டுங்கா பிளாட்பாரத்தில் பானுமதியின் ஜாகாவில் பானுமதி இல்லை. அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டு கோமதியம்மாள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் வல்லாரையும் மணத்தக்காளியும் பச்சைப் பசேலென்று அடுக்கியிருந்தது.

"மைனி, அவ எங்க?"

"போயிட்டா."

"எங்க போயிட்டா?"

"வீட்டுக்கு. வேற எங்க போவா? உக்காரும் தம்பி. இரைக்குது ஒமக்கு." தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "விடியக் கருக்கல்ல சாக்கத் தூக்கிட்டு வந்துட்டா. எல்லாரையும் கூப்பிட்டா. அந்தக் கல்யாண்காரியையும் கூப்பிட்டா. எனக்கு வெயிலு ஆகாது, நான் இனி இங்க உக்கார மாட்டேன், ஆனா ஜாகாவ விடவும் மாட்டேன்னா. கோமதியக்கா என் எடத்துலயும் சேத்து உக்காருவா, நான் நெழல்ல வெளஞ்ச கீரய அனுப்புவேன், என் மாலு இங்க இருக்க வர நான் இங்க இருக்கதாத்தான் அர்த்தம்னா. எல்லாரும் ஒத்துக்கிட்டாவ. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எல்லைக்கு ஒரு செங்கல் போட்டு வச்சிருந்தோம்லா, அத எடுத்துச் சாக்கடையில வீசினா பாரும், நான் அழுதுட்டேன். கட்டடத்து உச்சியில வெயிலு விழுந்ததும் கெளம்பிட்டா."

சுடலைக்கண்ணன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு மாமிகள் வந்து பானுமதி வந்துட்டாளா, இத்தனை நாள் எங்கே போனாள் என்று கேட்டு வல்லாரை வாங்கிப் போனார்கள். அவள் பேரை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. இப்படி ஒரு பெண்ணைக் கூடையைப் பூட்டிவைத்துத் தடுக்கப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எழுந்து ஒரு கட்டு வல்லாரையைக் கையில் எடுத்தான்.

"துட்ட வச்சிட்டு எடும்," என்றாள் கோமதியம்மாள்.

"எங்க வீட்டுக் கீர மைனி."

"அங்க ஒங்க வீட்டுக் கீர. இங்க பானுமதி கீர. யாருக்கும் வெல கொறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

முழு விலையும் கொடுத்து வாங்கினான்.

செம்பூருக்குத் திரும்பும்போது உச்சி வெயில் நெருங்கிவிட்டது. கேட்டில் பஞ்சாபகேசன் தோளில் துண்டோடு நின்றார். "எங்கப்பா தொலைஞ்சு போயிட்டே? காலம்பற டாங்கி காலி. பல்லு தேய்க்கத் தண்ணி இல்லே. நல்ல வேளை, பானுமதி வந்து பம்பைப் போட்டா." அவன் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்து, கட்டட மூலையில் வெயில் முடிகிற இடத்தில் நின்றான்.

சுண்ணாம்புச் சுவர் ஓரத்தில் முக்காலி போட்டு, அறுத்த பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தாள் பானுமதி.

"பம்பப் போடாம எங்க போனிய?"

"கீர வாங்கப் போனேன்."

கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் வெந்து கறுத்திருந்தது.

"கொறச்சுக் கேட்டியளா?"

"கேட்டேன். தரல."

"உங்களுக்கே தரலயா?"

"எனக்கே தரல."

பானுமதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு முக்காலியை விட்டு எழுந்து, அதை அவன் பக்கம் தள்ளினாள்.

"வெயில்ல எதுக்கு நிக்கிய? இப்படி நெழலுக்கு வாங்க."